நாலரை மில்லிமீட்டர்

சனிக்கிழமை மாலை தேக்காவில் தேநீர்க் கோப்பையோடு உட்கார்ந்தால் பேச்சு எங்கே போகும் என்று சொல்ல முடியாது. போன மாதம் ஒரு நாள் அது துப்பாக்கியில் போய் நின்றது.

நண்பன் தீவிர அஜித் ரசிகன். 2021இல் தமிழ்நாடு மாநிலத் துப்பாக்கி சுடும் போட்டியில் அஜித் அணி பதக்கங்களை அள்ளியது, அடுத்த ஆண்டு ஜூலையில் திருச்சி ரைஃபிள் கிளப்புக்கு அவர் வந்தபோது வெளியே கூட்டம் அலைமோதியது, எல்லாம் அவனுக்கு மனப்பாடம். நாற்பதை நெருங்குகிறான். ஏதாவது ஒரு விளையாட்டைப் பிடித்துக்கொள் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். ஓடலாம் என்றால் முழங்கால் ஒத்துழைக்கவில்லை.

“பிஸ்டல் கத்துக்கப்போறேன்டா. நீதான் ஆறு மாசமா போறியே, சொல்லு. எந்தக் கேலிபர்ல ஆரம்பிக்கலாம்? 9 எம்எம்மா, .38ஆ?”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆறு மாதத்துக்கு முன்பு பயிற்றுவிப்பாளரிடம் நான் கேட்ட முதல் கேள்வியும் இதுதான்.

“எதையும் நீ வாங்க முடியாது” என்பதிலிருந்து ஆரம்பித்தேன். 1973ஆம் ஆண்டின் ஆயுதக் குற்றச் சட்டப்படி, உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருந்தாலே 5 முதல் 10 ஆண்டு சிறை, குறைந்தது 6 பிரம்படி. குற்றம் புரியும்போது அடுத்தவரைக் காயப்படுத்தும் நோக்கில் சுட்டால் மரண தண்டனை. கைத்துப்பாக்கி வடிவத்தில் இருக்கும் சிகரெட் லைட்டரைக்கூட உள்ளே கொண்டுவரக் கூடாது என்கிறது நம் சுங்கத் துறை. காற்றுத் துப்பாக்கிக்கும் இங்கே உரிமம் வேண்டும். இந்தியாவில் 4.5 மில்லிமீட்டருக்கு மேற்படாத, சக்தி குறைந்த காற்றுத் துப்பாக்கிகளுக்கு அது தேவையில்லை. இங்கே விளையாட்டுக்காகச் சுடுபவர், மன்றத்தில் சேர்ந்து, கூடத்தில் சுட்டு, துப்பாக்கியை அங்கேயே ஒப்படைத்துவிட்டு வெறும் கையோடு எம்ஆர்டி ஏறி வீட்டுக்கு வர வேண்டும்.

“சரி, சுடவாவது விடுவாங்கல்ல? அப்ப எந்தக் கேலிபர்?”

விடமாட்டான்.

கேலிபர் என்பது துப்பாக்கிக் குழாயின் உள்விட்டம். அங்குலத்திலும் சொல்வார்கள், மில்லிமீட்டரிலும் சொல்வார்கள். .22 என்றால் ஏறக்குறைய 5.6 மில்லிமீட்டர். நம் காவல்துறையினர் பல்லாண்டுகளாக இடுப்பில் சுமந்த டாரஸ் ரிவால்வர் .38. பெயரில்தான் 38, அதன் குண்டை அளந்தால்.357 அங்குலம், அதாவது 9 மில்லிமீட்டரை ஒட்டித்தான் வரும். ஆக, அவன் கேட்ட இரண்டும் அகலத்தில் ஏறக்குறைய ஒன்றே.

இதைவிட வேடிக்கை ஒன்று உண்டு. தேசிய சேவையில் நாங்கள் இருவரும் கட்டிப்பிடித்துத் தூங்கிய எஸ்ஏஆர் 21 துப்பாக்கியின் தோட்டா 5.56 மில்லிமீட்டர். விளையாட்டுக்கான .22ம் அதே அகலம்தான். ஆனால், .22 கைத்துப்பாக்கிக் குண்டு ஏறக்குறைய 130 ஜூல் சக்தியோடு கிளம்பும்; எஸ்ஏஆர் 21 குண்டோ 1,700 ஜூலுக்குப் பக்கம். பின்னால் இருக்கும் தோட்டாவின் நீளமும் மருந்தின் அளவும்தான் வேறு. கேலிபர் எண்ணை மட்டும் கேட்டுத் துப்பாக்கியை எடைபோடுவது, சட்டையின் காலர் அளவை வைத்து ஆளின் குணத்தைச் சொல்வதுபோல.

தொடங்குபவருக்கு அந்தச் சக்திதான் சிக்கல். எனக்கு அது சொந்த அனுபவம். சில ஆண்டுகளுக்கு முன்பு நண்பர்களோடு தாய்லாந்து சுற்றுலா போனபோது, காசு கொடுத்தால் யாரையும் சுடவிடும் ஒரு கூடத்தில் 9 எம்எம் பிஸ்டலைப் பிடித்தேன். முதல் குண்டு நன்றாகவே போனது. இரண்டாவதிலிருந்து எல்லாம் இடது பக்கம், கீழே. புகைப்படத்தில் மட்டும் நான் கதாநாயகன். துப்பாக்கி சரியில்லை என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரும்பினேன்.

இங்கே அந்தக் கதையை வீராப்பாகச் சொன்னபோது பயிற்றுவிப்பாளர் சிரிக்கவில்லை. “துப்பாக்கி சரியாகத்தான் இருந்திருக்கும். வெடிக்கப்போகிறது என்று உங்கள் கை முன்கூட்டியே பயந்திருக்கிறது” என்றார். முதல் குண்டின் சத்தத்தையும் உதையையும் மூளை நினைவில் வைத்துக்கொள்ளும். அடுத்த முறை விசை முழுதாக இழுபடுவதற்கு முன்பே, வரப்போகும் உதையைத் தடுக்க மணிக்கட்டு கீழே அமுக்கும். வலது கைக்காரருக்குக் குண்டு இடது கீழ்ப்புறம் போய் விழும். இதைக் கண்டுபிடிக்க எளிய வழி, உண்மைத் தோட்டாக்களுக்கு நடுவே அவருக்குத் தெரியாமல் ஒரு போலித் தோட்டாவைக் கலந்து கொடுப்பது. அது வெடிக்காது. ஆனாலும் துப்பாக்கி முனை தலை குனியும். பெரிய கேலிபரில் இந்தப் பயம் ஒருமுறை கைக்குள் புகுந்துவிட்டால் வெளியேற்ற மாதக்கணக்காகும் என்றார். எனக்கு ஆனது.

அவர் என் கையில் கொடுத்தது 4.5 மில்லிமீட்டர் காற்றுப் பிஸ்டல். அழுத்தப்பட்ட காற்று, அரை கிராம் ஈயக் குண்டைத் தள்ளும். சக்தி ஐந்தாறு ஜூல்தான். தட்டையான தலை கொண்ட குண்டு, காகிதத்தில் துளையிடும் கருவிபோல அட்டையில் வட்டமாக ஓட்டை போடும். எஸ்ஏஆர் 21இல் பதக்க வில்லை வாங்கியவன் நான் என்ற நினைப்பு அன்றே போனது. அங்கே உருப்பெருக்கும் தொலைநோக்கி இருந்தது, தோளில் தாங்கல் இருந்தது. இங்கே ஒரு கை மட்டும். இலக்கு பத்து மீட்டர் தூரம். நடுவில் பத்துப் புள்ளி வட்டம் 11.5 மில்லிமீட்டர், நம் ஐந்து காசு நாணயத்தைவிடச் சிறியது. போட்டி என்றால் 60 குண்டு, ஒன்றேகால் மணி நேரம்.

சின்னக் கேலிபர் சாக்குப்போக்கை விட்டுவைப்பதில்லை. காதைப் பிளக்கும் சத்தம் இல்லை, உதை இல்லை. ஆகவே ஏழில் விழுந்தால் அது நான் செய்த ஏழு. அரைக் கிலோ அழுத்தத்தில் நகர்ந்துவிடும் விசையை ஒரு நொடி அவசரமாக இழுத்தாலும் அட்டை காட்டிக்கொடுத்துவிடும். ஒலிபரப்புக் கூடத்தில் சிவப்பு விளக்கு எரிவதற்கு முன்பே மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு முதல் வாக்கியத்தைச் சொதப்பிய என் ஆரம்ப நாள்கள் நினைவுக்கு வந்தன.

இதைக் கேட்டும் நண்பன் முகம் தெளியவில்லை. “காத்துத் துப்பாக்கின்னா சின்னப் பசங்க சமாச்சாரம் இல்லையா?” என்றான்.

2014இல் கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் நம் டியோ ஷுன் ஷியே தங்கம் வென்றது இந்த நாலரை மில்லிமீட்டரில்தான். 2024இல் பாரிசில் கால்சட்டைப் பையில் கைவிட்டபடி சுட்டு உலகத்தையே திரும்பிப் பார்க்கவைத்த துருக்கியின் யூசுஃப் டிகெச்சும் அதே. அங்கே இரண்டு வெண்கலம் வென்ற மனு பாக்கரும் அதே. அவர் நூலிழையில் நான்காம் இடத்துக்குப் போன 25 மீட்டர் போட்டி.22. இன்றைய ஒலிம்பிக்கில் பிஸ்டல் பிரிவுகள் இந்த இரண்டு கேலிபரோடு முடிந்துவிடுகின்றன. 9 எம்எம்முக்கு அங்கே இடமே இல்லை. மனுவின் பயிற்றுநர் ஜஸ்பால் ராணா 2006 தோஹா ஆசிய விளையாட்டுகளில் 590 புள்ளி எடுத்து உலகச் சாதனையைச் சமன்செய்தது சென்டர் ஃபயர் என்ற பிரிவில். அதில் 7.62 முதல் 9.65 மில்லிமீட்டர் வரை அனுமதி உண்டு. அத்தனை தாராளம் இருந்தும் பெரும்பாலோர் தேடிப்போவது உதை குறைவான .32ஐத்தான்.

எனக்கு .22 இன்னும் வரவில்லை. தொடர்ந்து பத்துக் குண்டுகளை எட்டுக்குள் அடக்கினால் பார்ப்போம் என்றிருக்கிறார் பயிற்றுவிப்பாளர். துப்பாக்கியை வீட்டுக்கு எடுத்துவர முடியாது என்பதால், காற்றுப் பிஸ்டலின் எடைக்கு ஏறக்குறைய ஈடான ஒரு லிட்டர் தண்ணீர் போத்தலைத் தினமும் இரவு பத்து நிமிடம் ஒற்றைக் கையில் நீட்டிப் பிடிக்கிறேன். இலக்கு, சமையலறைச் சுவரில் கோயிலில் கொடுத்த நாள்காட்டி. எதிர் வீட்டு ஆன்ட்டி ஒருமுறை சன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, மறுநாள் மின்தூக்கியில் என் அம்மாவிடம் நலம் விசாரித்தாராம்.

போன வாரம் நண்பனையும் அறிமுக வகுப்புக்கு அழைத்துப்போனேன். முதல் குண்டைச் சுட்டுவிட்டுத் திரும்பி, “போச்சா?” என்றான். உதையே இல்லாததால் சுட்டதாகவே அவனுக்குத் தோன்றவில்லை. பத்தில் இரண்டு அட்டையிலேயே படவில்லை. ஒன்று மட்டும் ஒன்பது. அந்த அட்டையைக் கேட்டு வாங்கி, நான்காக மடித்துப் பணப்பையில் வைத்துக்கொண்டான்.

சனிக்கிழமைத் தேநீரை இரவு எட்டு மணிக்குத் தள்ளிவைத்துவிட்டோம்.