நவராத்திரிக்கு முன்னாடி ஒரு வார்த்தை: பையன் ஆடட்டும்

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையா படிங்க.

போன வாரம் மகள் வீட்டுல ஒரு இங்கிலீஷ் படம் போட்டா. பேரு 'பில்லி எலியட்'. 2000-ல வந்த படம். இங்கிலீஷ் படம் உட்கார்ந்து பார்க்கிற ஆள் நான் இல்லை. மலாய் சப்டைட்டில் ஓடுச்சு, சரின்னு பார்த்தேன். பார்த்து முடிச்சதுல இருந்து மனசு ஒரு மாதிரியா இருக்கு. ஏன்னு கடைசியில சொல்றேன்.

கதை இங்கிலாந்தோட வடக்குப் பக்கம், டரம் வட்டாரத்துல ஒரு நிலக்கரிச் சுரங்க ஊர்ல நடக்குது. 1984-ஆம் ஆண்டு. இருபது சுரங்கங்களை மூடப் போறோம்னு அரசாங்கத் தரப்பு சொன்னதும், தொழிலாளிங்க வேலை நிறுத்தத்துல இறங்குறாங்க. இது நிஜமாவே நடந்தது. ஒரு வருஷம் நீடிச்சது. சம்பளமே கிடையாது.

பில்லிக்கு 11 வயசு. அம்மா இல்லை. அப்பாவும் அண்ணனும் சுரங்கத் தொழிலாளிங்க, ரெண்டு பேருமே போராட்டத்துல. அந்தக் கஷ்டத்துலயும் அப்பா 50 காசு கொடுத்து மகனை குத்துச்சண்டை கிளாஸுக்கு அனுப்புறார். ஆம்பளைப் பையன் அதைத்தானே கத்துக்கணும்? பாலே நடன கிளாஸ் வழக்கமா நடக்கிற இடத்துல, போராட்டக்காரங்களுக்கு சூப் காய்ச்சி ஊத்துறாங்க. அதனால அந்தக் கிளாஸும் குத்துச்சண்டை மண்டபத்துக்கே வந்துடுது. பையன் கால் தானா அந்தப் பக்கம் போயிடுது.

அப்பாவுக்குத் தெரிஞ்சதும் வீடே ரெண்டாகுது. டீச்சர் காசு வாங்காம தனியா சொல்லிக் கொடுக்கிறாங்க. கிறிஸ்துமஸ் வருது, வீட்டுல குளிர் காய விறகு இல்லை. செத்துப்போன மனைவியோட பியானோவையே அப்பா உடைச்சு எரிக்கிறார். எரிச்சுட்டு உட்கார்ந்து அழுறார்.

அப்புறம் ஒரு ராத்திரி, மண்டபத்துல பையன் ஆடுறதை நேரா பார்த்துடுறார். பையன் ஓடலை. அப்பா முகத்துக்கு முன்னாடியே ஆடிக் காட்டுறான். அந்த மனுஷன் ஒண்ணும் பேசலை. நேரா டீச்சர் வீட்டுக்குப் போறார், லண்டன் நடனப் பள்ளித் தேர்வுக்கு எவ்வளவு செலவாகும்னு கேக்குறார். நான் தர்றேன்னு அவங்க சொல்றப்ப, வேண்டாம்னு சொல்லிட்டு வந்துடுறார்.

அதுக்கப்புறம் வர்ற காட்சிதான் என்னை உலுக்கிடுச்சு. வேலை நிறுத்தத்தை மீறி வேலைக்குப் போறவங்களை ஏத்திக்கிட்டுப் போற பஸ்ல அவர் ஏறிடுறார். வெளியில அவரோட சொந்தக் கூட்டாளிங்க முட்டை எறிஞ்சு, கருங்காலின்னு கத்துறாங்க. அந்தக் கூட்டத்துல நிக்கிறது அவரோட மூத்த மகன்!

முப்பது வருஷமா பேக்டரியில இருக்கேன். கருங்காலிங்கிற பேரு ஒரு தொழிலாளிக்கு என்னன்னு எனக்குத் தெரியும். அந்தப் பேர் ஒட்டினா சாகுற வரைக்கும் போகாது. சின்னவன் ஆடணுமேன்னு அதையும் தாங்க ஒரு அப்பன் தயாரா நிக்கிறான். மூத்தவன் ஓடிவந்து தடுத்துக் கட்டிப் பிடிச்சுக்கிறான். அப்புறம் மனைவியோட நகை அடகுக்குப் போகுது. கூட நிக்கிறவங்களும் காசு சேர்க்க முன்வர்றாங்க. தனக்கே சோறு இல்லாதவங்க, ஒரு பையன் ஆடுறதுக்குக் கொடுக்கிறாங்க!

எல்லாரும் இதைக் கனவைத் துரத்துற பையன் கதைன்னுதான் சொல்றாங்க. எனக்கு அப்படித் தோணலை. பையனுக்கு என்ன வேணும்னு அவனுக்கு முதல்லயே தெரிஞ்சுபோச்சு. படம் முழுக்க வளர்றது அப்பாதான்.

பையனுக்கு இடம் கிடைச்ச சேதியைச் சொல்ல அப்பா ஓடுறார். அங்க போனா, போராட்டம் தோத்துப்போச்சுன்னு சேதி. சின்னவன் லண்டன் பஸ் ஏறுறான். அப்பாவும் மூத்தவனும் லிப்ட்ல சுரங்கத்துக்குள்ள இறங்குறாங்க. இந்த ரெண்டையும் பார்க்கிறப்ப, ஒருத்தன் மேல போறதுக்கு எத்தனை பேர் கீழ நிக்க வேண்டியிருக்குன்னு புரியும்.

"இதெல்லாம் சரிண்ணே, எஸ்.பி.எம். முக்கியம், டான்ஸ் சோறு போடுமா?"ன்னு கேப்பீங்க. நானும் அதைக் கேட்டவன்தான். ஆனா ஒண்ணு. இந்தப் படம் எடுத்த ஈசிங்டன் ஊர்ல இருந்த நிஜச் சுரங்கத்தை 1993-ல மூடிட்டாங்க. நிரந்தரம்னு நம்பின வேலையே போச்சு. எங்க லைன்லயும் பன்னிரண்டு பேர் செஞ்ச வேலையை இப்ப ஒரு மெஷினும் மூணு பேரும் செய்றாங்க. எது சோறு போடும்னு அடிச்சுச் சொல்ல நாம யாரு? படிப்பை விடச் சொல்லலை. படிக்கட்டும், ஆடவும் செய்யட்டும். நம்ம நாட்டு ராம்லி இப்ராஹிம் எஞ்சினியரிங் படிச்சவர். மலாய்க்காரர். ஒடிசி ஆட்டத்துல உலகம் அறிஞ்ச பேர். பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை, வழுவூர் ராமையா பிள்ளைன்னு பரதம் சொல்லிக் கொடுத்த பெரிய நட்டுவனார்களும் ஆம்பளைங்கதான். அவ்வளவு ஏன், நாம கும்பிடுற நடராஜர் யாரு?

இப்ப என் மனசு ஏன் சரியில்லைன்னு சொல்றேன்.

போன வருஷம் நம்ம கோயில் பரத கிளாஸ்ல ஒரே ஒரு பையன் இருந்தான். பத்து வயசு. நவராத்திரிக்குப் பயிற்சி நடந்துக்கிட்டு இருந்தப்ப, மடப்பள்ளியில காய் வெட்டிக்கிட்டு இருந்த நாங்க, "என்னடா, தாவணி எப்ப கட்டப் போறே?"ன்னு கிண்டல் பண்ணினோம். சொன்னது நான் இல்லை. ஆனா நல்லா சிரிச்சேன். பையன் என்னைத்தான் திரும்பிப் பார்த்தான். ரெண்டு வாரத்துல நின்னுட்டான்.

அவங்க அப்பா என் ஷிப்ட்லதான் வேலை செய்றார். கேட்டேன். "சனிக்கிழமை ஓ.டி. அண்ணே, கொண்டு வந்து விட ஆள் இல்லை"ன்னார். அப்பாடான்னு இருந்துச்சு, எங்க கிண்டல் காரணமில்லைன்னு. ஆனா அந்த ஓ.டி. லிஸ்ட்டைப் போடுறது யாரு? நான்தான்.

திங்கட்கிழமை அவரை சனிக்கிழமை லிஸ்ட்ல இருந்து மாத்திட்டேன். ஓ.டி. காசு குறையக்கூடாதுன்னு வேற நாள் கொடுத்திருக்கேன். பையன்கிட்ட நானே போய், சிரிச்சது தப்புடா தம்பின்னு சொன்னேன். அவன் ஒண்ணும் பேசலை. திரும்ப வருவானான்னு தெரியலை. வரலைன்னா அது என் கணக்குலதான்.

உங்ககிட்ட ரெண்டே விஷயம் கேக்குறேன். மாலைக்கும் மைக்செட்டுக்கும் உபயம் கொடுக்கிற நாம, வசதியில்லாத பிள்ளைங்க டான்ஸ் பீஸுக்கும் சலங்கைக்கும் மாசம் பத்து வெள்ளி உபயமா கொடுக்கலாமா? கொடுக்க முடியாதவங்க, சனிக்கிழமை நாலு பிள்ளைங்களைக் கார்ல ஏத்திக்கிட்டு வந்தாலே போதும். என் வண்டி தயாரா இருக்கு.

இன்னொண்ணு, காசு செலவில்லாதது. ஒரு பையன் சலங்கை கட்டிக்கிட்டு வந்து நின்னா, சிரிக்காதீங்க.

அம்பாள் துணை. சரின்னு பட்டா பகிருங்க.