ஏரியலை மாற்றினால் படம் தெளியுமா?

புது ஏரியல் போட்டால் டிஜிட்டல் படம் நன்றாக வருமா? சில வீடுகளில் வரும். சில வீடுகளில் சம்பளத்து வெள்ளிதான் போகும்.

நம் நாட்டில் பழைய அனலாக் ஒளிபரப்பு 2019 அக்டோபரோடு முற்றாக நின்றது. டிஜிட்டல் அலைவரிசைகள் யூஎச்எஃப் அலைகளில் வருகின்றன. நீண்ட கம்பிகள் கொண்ட பழைய விஎச்எஃப் ஏரியல் அதற்கு ஏற்றதன்று. அதை மாற்றுவது நியாயமே. ஆனால் குட்டைக் கம்பிகள் பல கொண்ட யூஎச்எஃப் ஏரியல் கூரைமேல் நல்லபடி இருந்தால், 'டிஜிட்டல் ஏரியல்' என்ற பெயருக்காக இன்னொன்று வாங்காதீர்கள்.

முன்பு அலை குறைந்தால் படத்தில் புள்ளி விழும், ஆனாலும் பார்க்கலாம். இப்போதோ படம் கட்டங்கட்டமாக உடையும், அல்லது அடியோடு மறையும். அப்போது முதலில் கேபிளைப் பாருங்கள். வெயிலில் வெடித்து, இணைப்பில் மழைநீர் புகுந்திருந்தால் கேபிளை மாற்றினாலே போதும். பிறகு ஏரியலை ஒளிபரப்புக் கோபுரத்தின் பக்கம் மெல்லத் திருப்புங்கள். டிகோடரில் அலையின் தரம் காட்டும் கோடு எங்கே உயர்கிறதோ, அங்கே நிறுத்துங்கள். செம்பனை மறைத்தால் உயரமான கம்பம் உதவும். பூஸ்டரோ, இல்லாத அலையை உண்டாக்காது.

கம்பம் சாய்ந்தாலும் மின்கம்பியில் படாத தூரத்தில் நிற்கட்டும். மழை, இடி நேரத்தில் கூரை ஏற வேண்டாம். நாடகம் நாளையும் வரும். உங்கள் பிள்ளைகளுக்கு நீங்கள் ஒருவர்தான்.