கூதிர்ப் பாசறையும் வயல் வாடியும்

குளிர் என்ற சொல்லைக் கேட்டதும் நம்மவர் உள்ளம் நுவரெலியாவுக்கோ கடல் கடந்த பனிநாடுகளுக்கோ சென்றுவிடுகின்றது. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையிலுள்ள பழுகாமத்தவர்க்கும் குளிர் உண்டென்றால் நகரத்து நண்பர்கள் நகைக்கின்றனர். மார்கழி இரவிலும் வெப்பம் 23 பாகையளவில் நிற்கும் நாட்டில் குளிரைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்பது அவர்கள் வாதம். இந்த நகைப்பினால் விளையும் தீங்கைப் பற்றியே இங்கு எழுத முற்படுகிறேன்.

எங்கள் பக்கத்தில் குளிரைக் ‘கூதல்’ என்பர். பண்டைத் தமிழர் ஆண்டை ஆறு பருவங்களாக வகுத்து, ஐப்பசியையும் கார்த்திகையையும் ‘கூதிர்’ என்றனர். மார்கழியும் தையும் முன்பனிக்காலம். இது நூல் வகுத்த கணக்கு. மட்டக்களப்பிலோ வடகீழ்ப் பருவக்காற்றின் பெருமழை மார்கழியிலேதான் உச்சமடைகின்றது. கூதிர் எங்களுக்குத் தை வரையும் நீள்கின்றது. நனைந்த உடம்பின்மீது வாடைக்காற்று வீசும்போது, வெப்பமானி காட்டும் அளவு ஒன்று, உடம்பு படும் பாடு வேறொன்று. காற்றைக் காட்டிலும் நீர் ஏறக்குறைய 25 மடங்கு விரைவாக உடற்சூட்டைக் கவர்ந்துசெல்லும் என்பர். ஆதலின், நீர் உறையாத நாட்டிலும் உயிர் உறையக்கூடும்.

இது வெறுங் கற்பனையன்று. 2022 டிசம்பரில் மாண்டஸ் என்னும் சூறாவளி எங்கள் கிழக்குக் கடலைக் கடந்து, 9ஆம் திகதி இரவு மாமல்லபுரத்துக்கு அருகே கரையேறியது. அந்நாள்களில் வீசிய ஈரக்காற்றினால் வடக்கிலும் கிழக்கிலும் ஆயிரத்துக்கு மேற்பட்ட மாடுகளும் ஆடுகளும் மாண்டன. நோயோ என்று முதலில் ஐயம் எழுந்தது. பரிசோதனைகளின் பின்னர், குளிரதிர்ச்சியே காரணமென அரசு அறிவித்தது. ஒதுங்க இடமின்றித் திறந்த வெளியில் நனைந்து நின்ற வாயில்லாச் சீவன்கள் அவை.

மாடுகள் நின்ற அதே வெளியில் மனிதரும் தங்குகின்றனர். பெரும்போகப் பயிர் குடலைப் பருவம் எய்தும் காலத்தில், யானைக்கும் பன்றிக்கும் காவலாக இரவெல்லாம் வயலிலே கிடப்பவர்கள் அவர்கள். அவர்கள் ஒதுங்கும் குடிலை ‘வாடி’ என்கிறோம். காட்டுக் கம்பு நட்டு, இலுக்குப் புல்லோ கிடுகோ வேய்ந்து, வாடை வரும் பக்கத்துக் கூரையை நிலந்தொட இறக்கி, எதிர்ப்பக்கத்தைத் திறந்துவிட்டு, அத்திறப்பின் வாயிலில் தீ மூட்டுவது முன்னோர் முறை. காற்று உள்ளே வராது. புகை உள்ளே தங்காது. படுக்கையோ ஈரநிலத்தினின்றும் உயர்ந்த பரணில் இருக்கும்.

சென்ற மார்கழியில், உறவினர் ஒருவரின் வயலில் ஓரிரவு தங்க நேர்ந்தது. இக்கால வாடி பொலித்தீனால் ஆனது. நாற்புறமும் இழுத்துக் கட்டப்பட்டிருந்த அதனுள்ளே, பழைய சட்டியொன்றில் கரித்தணலை வைத்துக்கொண்டு இளைஞர் இருவர் முடங்கிக் கிடந்தனர். கூரையின் உட்புறத்தில் வேர்வை போல் நீர் கோத்து, அவர்கள் போர்வைமீது சொட்டிக்கொண்டிருந்தது. தலையிடிக்கிறது என்றான் ஒருவன். மற்றவன் எழுப்பியும் எழவில்லை. என்னுடன் வந்த முதிய வயற்காரர் ஒன்றும் பேசாமல் கத்தியை எடுத்துப் பொலித்தீனைக் கிழித்தார். தணலை வெளியே கொட்டினார். இருவரையும் காற்றாட வெளியே கிடத்தினோம். நெடுநேரத்தின் பின் மற்றவனும் கண் விழித்தான். “கூதலுக்குப் பயந்து ஆரும் மூச்ச அடைப்பாங்களா மனே?” என்று மட்டும் கேட்டார் பெரியவர்.

அவர்களைக் கொல்ல இருந்தது காபனோரொட்சைட்டு என்னும் நச்சுவாயு. அதற்கு நிறமுமில்லை, மணமுமில்லை. குருதியில் ஒட்சிசனுக்குரிய இடத்தை அது பற்றிக்கொள்கிறது. தலையிடியும் உறக்கமுமே அதன் முன்னறிவிப்பு.

இந்நிகழ்ச்சியைக் கனடாவிலுள்ள என் மருமகனுக்குத் தெரிவித்தேன். அவன் குளிர்காலத்தில் அல்கோங்குயின் வனப்பூங்காவிலே, மோட்டார் வண்டியின் பின்னே இழுத்துச் செல்லும் சக்கரவீடு ஒன்றில் நண்பருடன் தங்குபவன். அங்கே இரவில் வெப்பம் உறைநிலைக்குக் கீழே 20 பாகைக்கும் இறங்கும். நீர்க்குழாய்கள் உறைந்து வெடியாதபடி வெப்பங்காப்புப் பொருள்களால் பொதிவார்களாம். வண்டியின் அடியிற் காற்றுப் புகாதபடி சுற்றிலும் மறைப்புக் கட்டுவார்களாம். இவ்வளவு அடைத்த பின்னும், மேலே ஒரு காற்றுவழியைத் திறந்தே வைப்பார்களாம். நச்சுவாயு மிகுந்தால் ஒலியெழுப்பும் கருவியொன்றும் உள்ளே இருக்குமாம். “இங்கும் கூரையில் நீர் கோக்கும், மாமா. மூச்சு வெளியேற வழியில்லாவிட்டால் எந்த வீடும் நனையும்” என்று எழுதியிருந்தான்.

பனிநாட்டுச் சக்கரவீட்டுக்கும் படுவான்கரை வாடிக்கும் விதி ஒன்றே: ஈரத்தை விலக்கு, காற்றை மறி, மூச்சுக்கு வழி விடு. எங்கள் முன்னோர் இதனை இலுக்கும் கம்பும் கொண்டு செய்தனர். அவர்கள் அதைக் கருவிகள் கொண்டு செய்கின்றனர். நாமோ பழைய முறையைக் கைவிட்டோம். புதிய அறிவையும் பெற்றோமில்லை. குளிரே இல்லையென்று நகைப்பவர்களிடம் குளிருக்குக் காப்புத் தேடும் எண்ணம் எங்ஙனம் பிறக்கும்?

தமிழ் கற்பிப்போர்க்கு இங்கே ஒரு சொல். பத்துப்பாட்டுள் ஒன்றாகிய நெடுநல்வாடை 188 அடிகளால் ஆனது. நக்கீரர் அதனை அரண்மனையில் தொடங்கவில்லை. மழை வெள்ளத்துக்கு அஞ்சி நிரைகளை வேற்றுநிலத்துக்கு ஓட்டிச் சென்று, கொள்ளித்தீயில் உடம்பைக் காய்ச்சிக்கொண்டு நடுங்கும் கோவலரிடத்தே தொடங்குகிறார். விலங்குகள் மேய்ச்சலை மறந்ததையும், பசு தன் கன்றையே உதைத்துத் தள்ளியதையும் கண்டு சொல்கிறார். இறுதியில் அரசன், நள்ளிரவில் பாசறை விட்டு வெளிவந்து, வாடையில் கிடக்கும் புண்பட்ட வீரரைப் பார்த்து வருகிறான். இப்பாட்டைச் சொற்பொருளோடும் இலக்கணக் குறிப்போடும் நடத்தி முடித்துவிடுகிறோம். 2022இல் மாடுகள் மாண்ட செய்தியையும், வாவிக்கு அப்பால் நடுங்கும் காவற்காரனையும் அதனருகே வைத்துக் காட்டிய வகுப்புகள் எத்தனை? நானும் பல ஆண்டுகள் காட்டாதவனே என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

ஒரு போகத்துக்கு மட்டும் நிற்கும் குடிலுக்கு இத்துணைக் கவலை வேண்டுமோ என்று வயலுடையோர் கேட்கலாம். வாடி ஒரு போகத்துக்குரியதாயினும், அதனுள் உறங்குபவன் ஒரு போகத்துக்குரியவன் அல்லன். நனையாத கூரையும், உயர்ந்த பரணும், வாடைக்கு ஒரு மறைப்பும், புகை போகத் திறந்த ஒரு பக்கமும் அமைப்பது, காவற்கூலியோடு சேர்த்து வயலுடையோர் தரவேண்டிய கடன். மாட்டுப் பட்டிகளுக்கும் மேட்டுநிலமும் காற்றுமறைப்பும் வேண்டும். விதைப்புக்கு முன் கூடும் கமக்காரர் கூட்டங்களிலே, நீர்ப்பங்கீட்டோடும் யானைவெடியோடும் இதனையும் ஒரு பொருளாக எடுத்துப் பேசுதல் தகும். அடைத்த குடிலுள் கரித்தணல் வைத்தலாகாது என்ற ஒன்றையேனும், அடுத்த மார்கழிக்கு முன் எங்கள் மாணவர் தத்தம் வீட்டாருக்குச் சொல்லட்டும்.

பாசறையை நள்ளிரவிற் சுற்றிவர இன்று அரசர்கள் இல்லை. பாட்டைப் படித்த நாமாவது ஒருமுறை வாவியைக் கடந்து சென்று, வாடிக்குள் எட்டிப் பார்க்கலாம் அன்றோ?