பதினைந்து இருக்க வேண்டிய இடத்தில் முப்பது

"பழைய வண்டி சார், ஃபியூஸ் போகத்தான் செய்யும். முப்பது ஆம்பியர் போட்டு விடுறேன், அப்புறம் இந்தப் பக்கமே வர மாட்டீங்க." ஆட்டோ எலக்ட்ரீஷியன் கடை வாசல்களில் இதை எத்தனையோ வருஷமாகக் கேட்டுவிட்டேன். என்னுடைய மாருதி 800-க்கும் இந்த வைத்தியம்தான் நடந்தது. போன வாரம் பழைய வண்டி வைத்திருக்கும் நண்பர் ஒருவரும் இதையே அனுபவ ஞானம்போல எடுத்துச் சொன்னார். இனியும் சும்மா இருக்க முடியாது.

வண்டிக்கு வயசானால் ஃபியூஸ் போகும் என்பது பொய். நேற்று வாங்கி மாட்டிய ஃபியூஸுக்கு என்ன வயசு?

லைட்டையும் ரேடியோவையும் காப்பாற்றத்தான் ஃபியூஸ், கொஞ்சம் பெரிசாகப் போட்டால் குடி முழுகாது என்பார்கள். ஃபியூஸ் முதலில் காப்பாற்றுவது வயரை. அந்த வயரின் தடிமனைப் பார்த்துத்தான் கம்பெனிக்காரன் ஃபியூஸ் பெட்டியின் மூடியில் ஆம்பியர் எண்ணை அச்சடித்திருக்கிறான்.

"முப்பது போட்ட பிறகு போகவே இல்லையே" என்பதுதான் இவர்களுடைய பெரிய சாட்சி. நாய் குரைக்கிறதென்று அதன் வாயைக் கட்டிவிட்டுப் படுத்தால் திருடன் போய்விட்டான் என்று அர்த்தமா? ஒரு சதுர மில்லிமீட்டர் செம்பு வயரின் மின்தடை மீட்டருக்கு ஏறக்குறைய 0.0175 ஓம். அதில் 15 ஆம்பியர் ஓடினால் மீட்டருக்கு 4 வாட் சூடு. 30 ஆம்பியர் ஓடினால் 16 வாட். மின்னோட்டம் இரண்டு மடங்கானால் சூடு நான்கு மடங்கு. வண்டியில் அந்த வயர் தனியாகக் காற்றாடக் கிடப்பதில்லை. பத்துப் பதினைந்து வயர்களோடு டேப் சுற்றி, கார்பெட்டுக்கு அடியில் கிடக்கிறது. சூடு வெளியேற வழியில்லை. உறை இளகுகிறது, பக்கத்து வயரோடு ஒட்டுகிறது.

எல்லா ஷார்ட்டும் படாரென்று வெடிப்பதில்லை என்பதையும் இவர்கள் யோசிப்பதில்லை. உறை கிழிந்த வயரின் நாலைந்து இழைகள் பாடியில் உரசினால் 25, 28 ஆம்பியர் இழுக்கலாம். பதினைந்து ஆம்பியர் ஃபியூஸ் அதைச் சில விநாடிகளில் அறுத்துவிடும். முப்பது ஆம்பியர் ஃபியூஸுக்கோ அது வழக்கமான சுமை, போகவே போகாது. அது போகாத ஒவ்வொரு நிமிஷமும் உள்ளே வயர் வேகிறது.

என் வண்டியில் அதுதான் நடந்தது. பார்க்கிங் லைட் ஃபியூஸ் சில நாள் போகும், சில நாள் போகாது. முப்பதை மாட்டிய மூன்றாம் வாரம், இரவு ஓட்டி வரும்போது பிளாஸ்டிக் கருகும் வாடை. மறுநாள் கதவடியில் கால் வைக்கும் பட்டியைக் கழற்றினேன். எப்போதோ கார்பெட் மாற்றியவர்கள் நீள ஸ்க்ரூவை முறுக்கியிருக்கிறார்கள். அதன் முனை வயர்க் கட்டுக்குள் இறங்கியிருந்தது. பட்டியை மிதித்து ஏறும்போதெல்லாம் முனை செம்பைத் தொட்டிருக்கிறது. மூன்று வயர்கள் ஒன்றாக உருகி, விரலால் பிரிக்க முடியாதபடி ஒட்டிக் கிடந்தன. பக்கத்திலேயே பெட்ரோல் குழாய் போகும் வண்டி அது. பின் சீட்டில் என் பிள்ளைகள் உட்கார்ந்து வந்தார்கள்.

"இடத்தைக் கண்டுபிடிக்கவே முடியாது, மொத்த வயரிங்கையும் மாத்தணும்" என்று மிரட்டுவதும் வீண். ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு அந்த இரண்டு முனைகளுக்கும் நடுவே 21 வாட் இண்டிகேட்டர் பல்பு ஒன்றைக் கொடுங்கள். அந்த லைனில் இருக்கும் பல்புகளைக் கழற்றிவிட்டு சுவிட்சைப் போடுங்கள். ஷார்ட் இருந்தால் பல்பு முழுசாக எரியும். எவ்வளவு மோசமான ஷார்ட்டானாலும் இரண்டு ஆம்பியருக்கு மேல் ஓடாது, வயருக்குச் சேதமில்லை. பிறகு கதவுக் கீல், டாஷ்போர்டு அடி, என்ஜின் தடுப்பில் வயர் நுழையும் ரப்பர் என்று ஒவ்வோர் இடமாக அசைத்து வாருங்கள். எங்கே அசைக்கும்போது பல்பு அணைகிறதோ அங்கேதான் கோளாறு. எனக்கு அந்தக் கடையிலேயே இதைச் செய்திருந்தால் அரை மணி நேர வேலை, ஒரு சின்ன ஸ்க்ரூ, ஒரு முழம் டேப்.

இன்றைக்கே உங்கள் வண்டியின் ஃபியூஸ் பெட்டியைத் திறந்து பாருங்கள். 10 என்றால் சிவப்பு, 15 என்றால் நீலம், 20 என்றால் மஞ்சள், 30 என்றால் பச்சை. மூடியில் 15 என்று அச்சிட்ட இடத்தில் பச்சை இருந்தால், அதைப் பிடுங்கிவிட்டுப் பிறகு வண்டியை எடுங்கள்.