கன்னப்பைக்குள் ஒரு கை

பொலன்னறுவையின் இடிபாடுகளைச் சுற்றித் திரியும் ரிலவாக் குரங்குகளில் தரம் குறைந்ததற்கு, வாயில் போட்ட பழம்கூடச் சொந்தமில்லை. கிடைத்ததைக் கன்னப்பையில் திணித்துக்கொண்டு ஒதுங்கப் பார்க்கும் சின்னதை, மேல்நிலைக் குரங்கு மடக்கிப் பிடிக்கும். வாயைத் திறந்து, விரலை விட்டு, உள்ளே இருப்பதை எடுத்துத் தின்றுவிடும். 1968 முதல் அங்கே களப்பணி செய்துவந்த வொல்ஃப்காங் டிட்டஸ் பதிவு செய்த நடத்தை இது.

அவர் 1977இல் வெளியிட்ட கணக்கு இதைவிடக் கடுமையானது. பிறந்த ஆண்களில் சுமார் 90 விழுக்காடும், பெண்களில் சுமார் 85 விழுக்காடும் முதிர்ச்சி அடையுமுன்பே மடிந்தன. குட்டிப் பருவத்தில் அதிகம் சாவது பெண்களே. பந்தியில் கடைசி இடம் அவற்றுக்குத்தான்: நல்ல கிளையிலிருந்து விரட்டப்பட்டு, சத்துக் குறைந்ததைத் தேடி அலைகின்றன. ஆண்களின் முறை பிறகு வருகிறது, பிறந்த கூட்டத்தை விட்டு வெளியேறும் வயதில்.

ஆனால் வயதை மட்டும் வைத்துத் தரத்தை ஊகிக்க முடியாது. ஜப்பானின் மினோவில் குரங்குகளை ஆராய்ந்த கவாமுரா 1958இல் காட்டியபடி, மகள் தாய்க்கு அடுத்த இடத்தைப் பெறுகிறாள். சகோதரிகளுக்குள் கடைக்குட்டிதான் மேல். பெரிய இடத்துப் பிள்ளை, தாய் பக்கத்தில் இருந்தால், தன்னைவிட உருவத்தில் பெரியதையும் எழுப்பிவிட்டு உட்காரும். நம் கல்யாணப் பந்திகளைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இத்தனையும் தெரிந்த பிறகும், ‘கூட்டத்தின் உணவில் பழம் இவ்வளவு, இலை இவ்வளவு’ என்ற ஒற்றை வரியோடு நின்றுவிடும் கட்டுரைகள் வந்துகொண்டுதான் இருக்கின்றன. அந்தச் சராசரியை எந்தக் குரங்கும் தின்பதில்லை. போதாததற்கு, மரத்தின் நடுவில் சாவகாசமாகத் தின்னும் பெரியவை கண்ணில் எளிதில் படும். ஓரத்து இலை மறைவில் இருக்கும் குட்டி படாது. இந்தப் பிழையைத் தவிர்க்க, ஒரு விலங்கை முன்கூட்டியே தேர்ந்து, குறித்த நேரம் முழுக்க அதையே கவனிக்கும் முறையை 1974இல் ஜீன் ஆல்ட்மன் வகுத்துத் தந்தார். அரை நூற்றாண்டு ஆகிவிட்டது.

நேரக் கணக்கும் ஏமாற்றும். நெடுநேரம் மேயும் குட்டி அதிகம் தின்றதாக ஆகிவிடாது. நிமிடத்துக்கு எத்தனை வாய், எந்தப் பண்டம் என்று எண்ணினால்தான் தெரியும்.

உணவு பற்றி இனி எழுதுவோர், தின்ற குரங்கின் வயது, பால், தரம் ஆகியவற்றோடு, அதை எழுப்பிவிட்டது எது என்பதையும் அட்டவணையில் சேர்த்து அனுப்புமாறு இவ்விதழ் கேட்டுக்கொள்கிறது. அடையாளம் தெரியாத குரங்கென்றால், தெரியாது என்றே எழுதலாம்.