ஆவடியில் சீருடை, அம்பத்தூரில் ஜப்லா

ஆவடியில் 1961-இல் தொடங்கிய ராணுவ உடைத் தொழிற்சாலையை ஊர்க்காரர்கள் ஓ.சி.எஃப். என்றே சொல்வார்கள். சிப்பாய்களுக்குச் சீருடை தைக்கும் இடம். சிப்பாயின் துணி முள்ளில் உரசினாலும் கிழியக் கூடாது, நனைந்தால் சீக்கிரம் காய வேண்டும், வெகுநாள் உழைக்க வேண்டும். 2022 ஜனவரி 15, ராணுவ தினத்தன்று அறிமுகமான புதிய போர்ச் சீருடையின் துணியில் 70 பங்கு பருத்தி, 30 பங்கு பாலியஸ்டர். அந்த 30 பங்கு அங்கே இருப்பதற்குக் காரணம் இருக்கிறது.

அங்கிருந்து புறநகர் ரயிலில் மூன்றாவது நிலையம் அம்பத்தூர். ஓ.டி. பேருந்து நிலையம் பக்கம் ஒரு குழந்தைத் துணிக்கடைக்குள் நுழைந்து, நாற்பது நாள் குழந்தைக்கு ஏதாவது காட்டுங்கள் என்று கேட்டால், முதலில் வந்து விழுபவை வலைத்துணி கவுனும் பளபளக்கும் சாட்டின் சட்டையும்தான். அவற்றில் பல முழுக்கவே பாலியஸ்டர். அந்தக் குழந்தை எந்த முள்வேலியையும் தாண்டப் போவதில்லை. மூன்று மாதத்தில் அந்தச் சட்டை அதற்குப் பற்றாமல் போய்விடும். வருடக்கணக்கில் உழைக்கத் தேவையில்லாத உடைக்கு அத்தனை உறுதி எதற்கு?

குழந்தைத் துணியிடம் கேட்க வேண்டிய கேள்வி வேறு: வியர்வை எங்கே போகும்?

சென்னையின் மேற்குப் புறநகரில் இந்தக் கேள்விக்கு எடை அதிகம். மதியத்தில் கிளம்பும் கடற்காற்று மெரினாவைத் தொட்டு வெகுநேரம் கழித்துத்தான் ஆவடிக்கும் பூந்தமல்லிக்கும் வந்து சேரும். சில நாள் வராமலே போகும். 2003 மே 31 அன்று சென்னையில் 45 டிகிரி பதிவானது. அந்த அளவுக்குப் போகாத சாதாரணக் கோடை நாளிலும், தகரக் கூரைக்கு அடியிலோ மொட்டை மாடிக்குக் கீழ்த்தளத்திலோ படுத்திருக்கும் சிசுவின் முதுகு நனைந்தே இருக்கும். பிறந்த குழந்தையின் வியர்வை நாளங்கள் முழுதாக வளர்ந்திருப்பதில்லை. சுலபமாக அடைத்துக்கொள்ளும். கழுத்து மடிப்பிலும் முதுகிலும் பொரிப்பொரியாக வேர்க்குரு கிளம்புவது அதனால்தான்.

நூறு கிராம் உலர்ந்த பருத்தி, சாதாரணக் காற்றிலிருந்தே சுமார் எட்டரை கிராம் ஈரத்தைத் தனக்குள் வாங்கி வைத்துக்கொள்ளும். பட்டு பதினொரு கிராம், கம்பளி பதினாறு கிராம் வரை. அதே எடையுள்ள பாலியஸ்டர் அரை கிராம்கூட வாங்காது. விளையாட்டு வீரர்களின் பனியன் பாலியஸ்டர்தானே என்று கேட்கலாம். அது ஈரத்தை இழைகளின் மேல் பரப்பிக் காற்றில் ஆற விடுகிறது. ஓடுகிறவருக்கு அந்தக் காற்று கிடைக்கிறது. பாயில் மல்லாந்து கிடக்கும் குழந்தையின் முதுகுக்குக் கீழே காற்று ஏது?

பிறந்த குழந்தைக்குப் புதுத்துணி உடுத்தக் கூடாது, துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன பழைய வேட்டியில்தான் சுற்ற வேண்டும் என்று வீட்டுப் பாட்டிகள் சொல்வதைப் பலர் சம்பிரதாயம் என்று தள்ளிவிடுகிறார்கள். துணியின் கதை தெரிந்தவர்கள் தள்ள மாட்டார்கள். பருத்தி இழையின் மேல் இயற்கையாகவே ஒரு மெழுகுப் பூச்சு உண்டு. அது இருக்கும்வரை தண்ணீர் உள்ளே போகாது, உருண்டு ஓடும். நெசவுக்கு முன் பாவு நூலுக்குக் கஞ்சி ஏற்றுகிறார்கள். துணி முடிந்த பிறகு கசங்காமல் இருக்கவும் விறைப்பாக நிற்கவும் வேதிப் பூச்சுகள் வரலாம். அவற்றில் சிலவற்றில் ஃபார்மால்டிஹைடு உண்டு. ஆலையில் எவ்வளவு வெளுத்து அலசினாலும், மிச்சம் போவது வீட்டுத் துவைகல்லில்தான். நாற்பது ஐம்பது முறை துவைத்த வேட்டியில் மெழுகு இல்லை, கஞ்சி இல்லை, பூச்சு இல்லை. வெறும் பருத்தி. அதனால்தான் கடையிலிருந்து வந்த புது நாப்பி முதல் நாள் ஒழுகும், ஐந்தாறு துவையலுக்குப் பிறகு உறிஞ்சத் தொடங்கும்.

எட்டு முழ மல் வேட்டி ஒன்றிலிருந்து நல்ல சதுரங்கள் பல கிடைக்கும். ஒரே ஒரு எச்சரிக்கை: கிழித்த விளிம்பை அப்படியே விடக் கூடாது. பிரிந்த நூல் குழந்தையின் கால்விரலில் சுற்றி இறுக்கிக்கொண்டால் ரத்த ஓட்டமே தடைபடும். வீறிட்டு அழும் குழந்தையின் கால்விரல்களை மருத்துவர்கள் பிரித்துப் பார்ப்பது இதற்காகத்தான். ஓரத்தை மடித்து ஒரு தையல் போட்டுவிட்டால் போதும்.

வீட்டில் பழைய வேட்டி இல்லையென்றால் நெருக்கமில்லாத நெசவாகப் பார்த்து வாங்கலாம். ராஜபாளையம் பக்கத்துச் சத்திரப்பட்டியில் தறிகளில் ஓடும் மருத்துவமனைக் கட்டுத்துணி எப்படிக் கண்கண்ணாக இருக்கிறதோ, அந்த மாதிரி நெசவு. மஸ்லின் என்ற பெயரில் பெட்டியில் அடுக்கி வெளிநாட்டு விலைக்கு விற்கும் குழந்தைப் போர்வையும் அடிப்படையில் இந்தக் குடும்பம்தான். பனியன் துணியில் வாங்கினால், கனமான இன்டர்லாக் டிசம்பர் இரவுக்குச் சரி. மற்ற மாதங்களுக்கு மெல்லிய சிங்கிள் ஜெர்சி.

இனி நாப்பி. அரைஞாண் கயிற்றில் செருகிய கோவணத் துணியிலிருந்து, முக்கோணமாக மடித்து நாடா கட்டும் நாப்பி, அங்கிருந்து டிச் பட்டன் வைத்த இன்றைய துணி டயப்பர் என்று பயணம் நீண்டிருக்கிறது. அந்தக் கடைசி வகையை வாங்குகிறவர்கள் உள்ளே பிரித்துப் பார்ப்பது நல்லது. பெயர் துணி டயப்பர். ஆனால் வெளிப்பக்கம் பெரும்பாலும் பாலியூரித்தேன் படலம் ஒட்டிய பாலியஸ்டர். தோலைத் தொடும் ‘எப்போதும் உலர்ந்த’ பக்கமும் பல தயாரிப்புகளில் பாலியஸ்டர் ஃப்ளீஸ். நடுவே செருகும் பட்டைதான் பருத்தியாகவோ வேறு இழையாகவோ இருக்கும். ஒழுகாமல் இருக்க வெளிப்படலம் தேவைப்படுகிறது, அதில் தவறில்லை. ஆனால் அந்தப் படலம் நீரைத் தடுப்பதுபோல் சூட்டையும் பிடித்து வைக்கும். வெளியே போகும்போது அது, வீட்டில் இருக்கும்போது வெறும் துணி என்று பிரித்துக்கொள்வது இந்த ஊர் வெயிலுக்குப் பொருந்தும்.

நேர்மையாகச் சொல்ல வேண்டியது இன்னொன்று. துணி நாப்பி என்பதாலேயே தோல் புண்ணாகாமல் இருந்துவிடாது. ஈரம் நீடித்தால் தோல் ஊறும். சிறுநீரும் மலமும் கலந்து நிற்கும்போது தோலின் அமிலத்தன்மை குலைந்து, மலத்திலுள்ள நொதிகள் தோலை அரிக்கத் தொடங்கும். கடை டயப்பரில் உள்ள உறிஞ்சு தூள் ஈரத்தைக் கூழாக்கிப் பிடித்துக்கொள்கிறது. துணியால் அது முடியாது. நனைந்தவுடன் மாற்றுவதுதான் துணியின் நிபந்தனை. முதல் மாதங்களில் ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு தடவை.

துணி நாப்பி கட்டிய குழந்தைக்கு மேலே என்ன போடுவது? இங்கேதான் பலருக்குக் குழப்பம். அடிவயிற்றில் பட்டன் போட்டு இறுக்கும் ஒன்சி, கடை டயப்பருக்காகவே அளவெடுத்தது. துணி நாப்பி பருமனாக இருக்கும். அதன் மேல் ஒன்சியை இழுத்துப் பூட்டினால் நாப்பி அமுங்கி ஈரம் பிதுங்கும். விளிம்பைத் தொடும் பருத்தி அந்த ஈரத்தைத் திரிபோல் மேலே ஏற்றி மார்புவரை நனைக்கும். ஒரு தடவை சிறுநீர் கழித்தால் முழு உடையையும் மாற்ற வேண்டிவரும். நம் ஜப்லாவைத் தைத்தவர்களுக்கு இது தெரிந்திருந்தது. முன்பக்கம் திறப்பு, பக்கவாட்டில் நாடா, இடுப்போடு நிற்கும் நீளம். நாப்பி நனைந்தால் நாப்பியை மட்டும் மாற்றினால் போதும். தலை வழியாக மாட்ட வேண்டியதும் இல்லை. கால்சட்டை வேண்டுமென்றால் ஒரு அளவு பெரிதாக, இருக்கைப் பகுதி தாராளமாக வெட்டியதாகப் பார்த்து வாங்க வேண்டும். நாடா குட்டையாக இருக்கட்டும். கழுத்தருகே நாடாவே வேண்டாம்.

கடையில் உடையை உள்பக்கம் திருப்பிப் பார்ப்பவர்கள் குறைவு. குழந்தைக்குப் படுவது உள்பக்கம்தான். ஓவர்லாக் தையலின் நைலான் நூல் குத்துகிறதா, கழுத்து லேபிள் உரசுகிறதா, மார்பில் ஒட்டிய கரடி பொம்மை ரப்பர் பிரிண்டா என்று விரலால் தடவினாலே தெரியும். ரப்பர் பிரிண்ட் இருக்கும் இடத்தில் துணி எவ்வளவு சுத்தமான பருத்தியானாலும் காற்றுப் புகாது. லேபிள் இல்லாத எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ் துணியென்றால், தையலோரத்தில் ஒரு நூலை உருவி வீட்டில் நெருப்பில் காட்டலாம். பருத்தி, காகிதம் எரியும் வாசனையோடு எரிந்து பொடிச் சாம்பலாகும். பாலியஸ்டர் உருகிச் சுருண்டு கடினமான மணியாக நிற்கும்.

‘பேம்பூ’ என்று விற்கிறார்களே, அது இயற்கை இழையா? மூங்கிலைக் கூழாக்கி வேதிப்பொருளில் கரைத்து மறுபடி இழையாக இழுத்தால் வருவது விஸ்கோஸ். மென்மையானது, நீரை நன்றாக உறிஞ்சும். ஆனால் அதை மூங்கில் துணி என்று விற்றதற்காக 2013-இல் அமெரிக்க வணிக ஆணையம் அமேசான், மேசீஸ் உள்ளிட்ட நான்கு நிறுவனங்களிடம் மொத்தம் 12.6 லட்சம் டாலர் அபராதம் வாங்கியது. ஓயெகோ-டெக்ஸ் முத்திரையிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. மூன்று வயது வரையிலான குழந்தைகளுக்கான அதன் முதல் வகுப்பு, வேதிப்பொருள் எச்சத்துக்கு மிகக் கடுமையான வரம்பு வைக்கிறது. ஆனால் பாலியஸ்டரும் அந்தச் சோதனையில் தேறலாம். இழையைப் பற்றிச் சொல்வது காட்ஸ் (GOTS) முத்திரை: ‘ஆர்கானிக்’ என்று எழுத 95 சதவீதம், ‘ஆர்கானிக் கலந்தது’ என்று எழுத 70 சதவீதம் இயற்கை வேளாண் இழை இருக்க வேண்டும். திருப்பூரிலிருந்து இந்த முத்திரையோடு கப்பலேறும் குழந்தை உடைகள் ஏராளம். அந்தச் சரக்கு பூந்தமல்லிக் கடைத்தெருவுக்கும் வர வேண்டும் என்று கேட்கும் உரிமை இங்குள்ள பெற்றோருக்கும் உண்டு.

காதுகுத்தும், முதல் பிறந்தநாளும் வந்தால் வலைத்துணி கவுனைத் தவிர்ப்பது கஷ்டம். மாமன் சீராக வந்ததை எப்படி மறுப்பது? உள்ளே கை வைத்த பருத்தி ஷிம்மீஸ் ஒன்றைப் போட்டு, படம் எடுத்ததும் கழற்றிவிட வேண்டியதுதான்.

துவைப்பதில் இந்தப் பகுதிக்கே உரிய சிக்கல் போர்வெல் தண்ணீர். உப்புத் தண்ணீரில் சோப்பு நுரைக்காமல் திரிந்து, வெள்ளைப் படிவாகத் துணியில் தங்கும். நாப்பி மொடமொடப்பாகி உறிஞ்சாமல் போகும். நுரை வரவில்லையே என்று சோப்பை அள்ளிப் போடுவது படிவை இன்னும் கூட்டும். குறைந்த டிடர்ஜென்ட், இரண்டு முறை நல்ல அலசல், முடிந்தால் கடைசி அலசலுக்கு மெட்ரோ தண்ணீர். மணக்கும் சாஃப்ட்னர் துணியின் மேல் ஒரு படலம் விடும், உறிஞ்சுதலைக் கெடுக்கும். கிருமிநாசினியை ஒவ்வொரு அலசலிலும் ஊற்றுவது குழந்தையின் தோலை எரிச்சலூட்டலாம். வெயில் அந்த வேலையைச் செலவில்லாமல் செய்கிறது.

வெயில் இல்லாத ஐப்பசி கார்த்திகையில்? பல அடுக்காகத் தைத்த பட்டை இரண்டு நாள் ஆனாலும் காயாது. ஒற்றை அடுக்கு வேட்டிச் சதுரம், கட்டும்போது எட்டாக மடிந்து தடிமனாகிறது, கொடியில் விரித்தால் ஒற்றையாகிக் காற்றிலேயே உலர்கிறது. லேசான ஈரத்தை இஸ்திரிப் பெட்டி எடுத்துவிடும். அடைமழை வாரத்தில் கடை டயப்பரை நாடினால் யாரும் குற்றவாளி ஆகிவிட மாட்டார்கள். திடக்கழிவு விதிகள் சொல்கிறபடி அதைத் தனியாகச் சுற்றிக் கொடுத்தால், கையுறைகூட இல்லாமல் குப்பை பிரிக்கும் தொழிலாளியின் கை அதில் படாது.

துணி நாப்பிதான் பூமிக்கு நல்லதா என்று பிரிட்டனில் பலமுறை கணக்குப் பார்த்தார்கள். 2008-இல் வந்த ஆய்வு, எப்படித் துவைக்கிறோம், எப்படிக் காயவைக்கிறோம் என்பதே முடிவைத் தீர்மானிக்கிறது என்றது. 2023-இல் வந்த ஆய்வில், துவைத்துப் பயன்படுத்தும் நாப்பியின் கரிம உமிழ்வு சுமார் 25 சதவீதம் குறைவு. மெஷினில் உலர்த்தாமல் கொடியில் காயவைக்கும் நம் வழக்கம் இந்தக் கணக்கில் நமக்குச் சாதகம்.

ஆனால் எந்தக் கணக்கிலும் சரியாக ஏறாத செலவு, துவைக்கிறவரின் உழைப்பு. 1964-இல் உருவான அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வெளிநாட்டு நிறுவனங்களுக்கு உடை தைக்கும் பெண்களில் பலர் இளம் தாய்மார்கள். 2017-இன் சட்டத் திருத்தம் மகப்பேறு விடுப்பை 26 வாரமாக்கியது. ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும், தாய் நாளைக்கு நான்கு முறை அங்கே போய்வரலாம் என்றது. விடுப்பு முடிந்து கம்பெனி பஸ் ஏறும் நாளில், வாளியில் ஊறும் பன்னிரண்டு நாப்பிகள் யார் கைக்குப் போகின்றன? பெரும்பாலும் பாட்டியின் கைக்கு. அப்பாவின் கைக்கும் போகட்டும். வேலைக்குக் கிளம்பும் முன் நாப்பி அலசிக் கொடியில் போடுவது அரை மணி நேர வேலை. காப்பகங்களும் ‘டயப்பர் போட்டு அனுப்புங்கள்’ என்று கேட்பதோடு நிற்காமல், மூடியுள்ள வாளி ஒன்று, குழாய் ஒன்று, வெயில் படும் இடத்தில் கொடி ஒன்று வைக்கலாம். பகல் முழுக்க உடை தைக்கும் பெண்ணின் குழந்தை, அங்கே பருத்தித் துணியில் படுத்திருக்க அவ்வளவு இருந்தால் போதும்.