கருவி காட்டாதது இல்லாததா?

நூலகத்தை நாடிச் சென்று, பட்டியல் அட்டைகளைப் புரட்டி, அடுக்குகளுக்கிடையே நின்று நூல் தேர்ந்த காலம் ஒன்றிருந்தது. இன்றோ பல்கலைக்கழக நூலகத்தின் வாயில் மாணவரின் மேசைக்கே வந்துவிட்டது. 2022ஆம் ஆண்டின் இறுதியில் சாட்ஜிபிடி வெளிவந்தது. ஈராண்டு கழிவதற்குள் நூலகத் தேடுகருவிகளிலும் செயற்கை நுண்ணறிவு குடிபுகுந்தது. ஸ்கோப்பஸ் ஏஐ, பிரைமோ ரிசர்ச் அசிஸ்டண்ட் ஆகியவை 2024இல் பயனுக்கு வந்தன. வினாவைத் தட்டெழுதினால் விடையும் வருகின்றது, சான்றும் வருகின்றது. இவ்வளர்ச்சியை வெறுப்பது அறிவுடைமை ஆகாது. ஆயினும், கருவி காட்டுவது மட்டுமே உள்ளது, காட்டாதது இல்லாதது என்னும் மயக்கம் தமிழ் மாணவரிடையே வேரூன்றுமாயின், அது தமிழாய்வுக்கே கேடாக முடியும்.

இக்கருவிகள் எவற்றைப் படிக்கின்றன? நூல்களையா? இல்லை. பிரைமோவின் கருவி வெளிவந்தபோது அமைந்திருந்த முறையை எண்ணிப் பார்க்கலாம். அது மாணவரின் வினாவைத் தேடற்சொற்களாக மாற்றும். பேரளவான ஒரு பொதுப்பட்டியலில் தேடும். பொருத்தமானவை எனக் கருதும் ஐந்து படைப்புகளின் ஆய்வுச்சுருக்கங்களைக் கொண்டு விடை எழுதும். ஸ்கோப்பஸ் ஏஐ என்பதும் ஆய்வுச்சுருக்கங்களின் மீதே கட்டப்பட்டது. ஆகவே, ஆங்கிலத்தில் சுருக்கம் எழுதப்பெற்று, அனைத்துலகப் பட்டியலில் ஏறிய இதழ்க் கட்டுரைகளே அக்கருவியின் கண்ணுக்கு எளிதில் தென்படும். மாநாட்டு மலர்களும், எழுத்தாளர் சங்கத் தொகுப்புகளும், தமிழிலேயே எழுதப்பட்ட ஆய்வேடுகளும் பெரும்பாலும் சுருக்கம் இன்றியே அச்சேறியவை. அவற்றுள் பல கணினிப் பதிவே காணாதவை. அவை எங்ஙனம் அந்த ஐந்தினுள் இடம்பெறும்?

மலேசியத் தமிழ்ச் சிறுகதையை ஆராயப் புகும் மாணவர் ஒருவர் கருவியிடம் வினவுகின்றார் எனக் கொள்வோர், விளைவையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். ஆங்கிலக் கட்டுரைகள் சில வரும். தொடர்பில்லாதன சிலவும் வரும். உடனே அவர், "இத்துறையில் இதுவரை ஆய்வு நிகழவில்லை" என்று முன்னுரையில் எழுதிவிடுவார். அதே வளாகத்து நூலகத்தில், அதே பொருளைப் பற்றி முன்னோர் எழுதிய ஏடு தூசு படிந்து கிடக்கும். ஒரே ஒரு வரியால் ஒரு தலைமுறையின் உழைப்பு இல்லாததாகிவிடுகின்றது. இது மாணவரின் சோம்பல் மட்டும்தானா? ஒரு சமுதாயம் தன் வரலாற்றைத் தன் கையாலேயே அழிக்கும் செயலன்றோ?

மலாயாப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய தனிநாயகம் அடிகளார், உலகெங்கும் சிதறிக் கிடந்த தமிழியல் நூல்களைத் தேடி ஒரு வழிகாட்டிப் பட்டியல் தொகுத்தார். அப்பல்கலைக்கழகப் பதிப்பகம் 1966இல் அதனை வெளியிட்டது. கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் மாநாடு கூடியதும் அவ்வாண்டிலேயே. கணினி வசதி எட்டாத நாளில் இம்மண்ணில் அப்பணி நிகழ்ந்தது. இன்று அவர் பெயரைத் தேடுவோர் படும் இடர் என்ன? உரோமன் எழுத்தில் அப்பெயர் ஓரிடத்தில் ஒரு சொல்லாகவும், மற்றோரிடத்தில் இரு சொற்களாகவும், வேறோரிடத்தில் வேறு எழுத்துகளோடும் நிற்கின்றது. ழகரத்தை நூலகப் பட்டியல் கீழ்க்கோடிட்ட 'எல்' எழுத்தால் குறிக்க, மக்களோ 'இசட்', 'எச்' என்னும் ஈரெழுத்தால் எழுதுகின்றனர். இந்நுட்பம் அறியாத மாணவர்க்குக் கருவி எதைத்தான் தேடித் தரும்?

"கருவி நாளை திருந்திவிடும்" என்பார் உளர். திருந்தட்டும். ஆனால் பட்டியலில் ஏறாத நூலை எந்த நுண்ணறிவும் கண்டுபிடிக்க இயலாது. "காலம் மிச்சமாகின்றதே" என்பாரும் உளர். உண்மை, ஆயினும் மிச்சமான காலத்தை மூலநூலைப் படிப்பதில் செலவிடாவிடில் பயன் என்ன? பொதுவான உரையாடற் கருவியை நம்பி, இல்லாத வழக்குகளை மேற்கோள் காட்டிய வழக்கறிஞர் இருவர்க்கும் அவர்தம் நிறுவனத்திற்கும் 2023இல் நியூயார்க் நீதிமன்றம் 5,000 அமெரிக்க வெள்ளி தண்டம் விதித்தது. நூலகக் கருவிகள் உண்மைப் பதிவுகளைச் சுட்டுவதால் அவ்விடர் குறைவே. எனினும், உள்ள நூலைக் காட்டியும் அது கூறாததைக் கூறியதாகச் சுருக்கிவிடும் பிழை அங்கும் நேரக்கூடும்.

எனவே, தமிழாசிரியர்களின் கடமை இரண்டு. முதலாவது, எக்கருவியில் எச்சொற்களை இட்டுத் தேடினர், எந்த அடுக்கில் எந்நூலைக் கையால் புரட்டினர் என்பதை ஆய்வேட்டில் எழுதுமாறு மாணவரைப் பணித்தல். அடுக்கை நாடாதவர்க்கு "ஆய்வு இல்லை" என்று எழுதும் உரிமை இல்லை. இரண்டாவது, சங்கங்களும் கல்வி நிறுவனங்களும் வெளியிடும் ஒவ்வொரு தொகுப்பிலும், கட்டுரைதோறும் தமிழிலும் ஆங்கிலத்திலும் சுருக்கம் சேர்த்து, ஆசிரியர் பெயரை ஒரே சீராக எழுதி, நூலகப் பட்டியலில் ஏற்றச் செய்தல்.

கருவியைப் பழிப்பது எளிது. அதனை வியப்பதும் எளிது. இவ்விரண்டினும் அரியது, அதன் கண்ணில் படுமாறு தமிழை முறையாகப் பதிவுசெய்து வைத்தல். அப்பணியைத் தமிழர் செய்யாராயின், நாளைய மாணவர் வினவுங்கால் கருவி "இல்லை" என்றே விடையிறுக்கும். அப்பழி கருவியைச் சேராது.